கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூசை அண்ணன்

புத்தகத்தின் பின்னட்டைக்காகக் காலை உடைத்துக்கொண்ட எழுத்தாளன் தமிழில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் நகைச்சுவைக் கட்டுரைகளைத் தொகுத்துப் போட ஒரு பதிப்பாளர் சம்மதித்திருந்தார். படம் கேட்டார். ஆதார் அட்டையில் இருப்பதை அனுப்பினேன். "வேற இருக்கா சார்?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த அனுதாபம் தாங்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவொற்றியூர் கடற்கரையில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகளின் மேல் ஏறி நின்றேன். தாடையில் கை. பார்வை அடிவானத்தில். மானுடத்தின் எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்படுகிறவனைப்போல முகம். படம் எடுத்தவள் என் மனைவி சுமதி. "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். நின்றேன்.

படம் நன்றாகவே வந்திருக்கிறது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு செருப்பும் ஒரு முழங்காலும் தெரிகின்றன. பின்னால் கடல் கச்சிதமாக விழுந்திருக்கிறது.

கணுக்கால் உடைந்திருந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். எங்கள் குடும்பம் தெற்கேயிருந்து வந்து திருவொற்றியூரில் ஹார்டுவேர் கடை வைத்த குடும்பம். தம்பி வியாபாரம் பார்க்கிறான். நான் கல்லாவில் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறேன். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் தம்பி முதலில் சொன்னது, "அண்ணே, அந்த ஸ்க்ரூ நம்மகிட்டயே இருக்குமே" என்பதுதான்.

ராயபுரம் பக்கம் ஒரு நடுத்தரமான மருத்துவமனை. இரண்டு கட்டில் போட்ட அறை. ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவர் சூசை அண்ணன். துறைமுகத்தில் கிரேனுக்குக் கை ஜாடை காட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காசிமேட்டில் வீடு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதை எடுத்துவிட்டு உலோகத்தில் புது மூட்டு வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"இன்னா சார், நீயும் பாத்ரூமா?"

"இல்லண்ணே. பாறை."

"பாறைல இன்னா வேல உனக்கு?"

சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் புது மூட்டு கழன்றுவிடும் என்று நர்ஸ் ஓடி வந்தார். அண்ணன் என் கையை விடவில்லை. அதுதான் அவர் பழக்கம். கை கொடுத்தால் பேச்சு முடிகிறவரை விடமாட்டார். நடுவில் மூக்கைச் சொறிய வேண்டுமென்றால் மற்றக் கையால் சொறிந்துகொள்வார். கட்டில்களுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி. அதன் மேல் பாலம்போல எங்கள் கைகள் கிடக்கும். அன்று சாயங்காலமே 'சார்' போய் 'மாமு' ஆகிவிட்டேன்.

கப்பலின் அடித்தளத்துக்குள் சரக்கு இறங்கும்போது இரைச்சலில் பேச்சு எடுபடாது. எல்லாம் கைதான் என்று விளக்குவார். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினால் நிறுத்து. "மேல கீறவனுக்கு என் மூஞ்சி தெரியாது மாமு, கைதான் தெரியும். அத நம்பி டன் கணக்குல தூக்குறான்." அறையில் டிவியின் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும்கூட அவர் விரலைத்தான் சுழற்றுவார். ரிமோட் என்னிடம் இருக்கும்.

மதியம் அவர் மனைவி ஸ்டெல்லாக்கா டிபன் கேரியரோடு வருவார். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர். மருத்துவமனைச் சாப்பாட்டை அவர் முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைக்கிற விதமே ஒரு விமர்சனக் கட்டுரை. வறுத்த நெத்திலியை அண்ணன் தன் தட்டிலிருந்து எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டுவார். அப்போது வாயைத் திறக்காதவன் அந்தப் பேட்டையில் மனிதனே இல்லை.

இப்படி நான் சந்தோஷமாக இருந்த நேரத்தில்தான் கணுக்காலில் புண் கசிய ஆரம்பித்தது.

முதலில் கட்டுத்துணியில் ஒரு ஈரவட்டம். பிறகு சூடு, துடிப்பு, குளிர்ஜுரம். பஞ்சு சுற்றிய குச்சியால் புண்ணைத் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதை ஒரு தட்டில் வளரவிடுவார்களாம். வளர்ந்ததை வேறொரு தட்டில் பரப்பி, ஒவ்வொரு மருந்திலும் தோய்த்த சின்னக் காகித வட்டுகளை அதன்மேல் வைப்பார்களாம். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெறும் வளையம் விழும். வேலை செய்யாவிட்டால் கிருமி வட்டை ஒட்டியே குடித்தனம் நடத்தும். இதற்குச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சும்மா இருப்பது.

நான் சும்மா இருக்கவில்லை. எழுத்தாளன் என்றால் எதையும் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நினைப்பு. யாரும் இல்லாத நேரத்தில் கட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். விரலால் தொட்டும் பார்த்தேன். விரலைப் போர்வையில் துடைத்தேன். சற்று நேரத்தில் ஸ்டெல்லாக்கா வந்தார். அன்றைக்கு ஒரு மாறுதலுக்காக நான் சூசை அண்ணனின் தட்டில் கைவைத்து எடுத்து, அவருக்கு ஒரு வாய் ஊட்டினேன்.

மறுநாள் மருத்துவர் வந்தார். கண்ணாடி போட்ட, வேகமாக நடக்கிற அம்மா. அன்றைக்கு மெதுவாக நடந்து வந்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"எம்.ஆர்.எஸ்.ஏ. வந்திருக்கு சார்."

தமிழில் சொன்னால், ஸ்டாஃப் என்று செல்லமாக அழைக்கப்படும் ஒரு பாக்டீரியா. நுண்ணோக்கியில் திராட்சைக் குலைபோல இருக்குமாம். சாதாரணமாக நம்மில் பலருடைய தோலிலும் மூக்கிலும் வாடகை கொடுக்காமல் இருக்கும்; தொந்தரவு செய்யாது. வெட்டுக்காயம் வழியாக உள்ளே போய்விட்டால்தான் வம்பு. அதில் ஒரு வகை, வழக்கமான மருந்துகளையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகி, எதற்கும் மசியாமல் போய்விட்டது. அதுதான் எனக்கு. ஆஸ்பத்திரிகளில் கைக்குக் கை தாவும். உலோகத்தில் போய் உட்கார்ந்தால், துறைமுகத் தூணில் பாசி பிடிக்கிற மாதிரி தன்னைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அதற்குள் மருந்து போகாது. முற்றிவிட்டால் உலோகத்தைக் கழற்ற வேண்டியதுதான்.

"ஆன்டிபயாட்டிக் அடிக்கடி எடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"இல்லவே இல்லை" என்றேன்.

சுமதி தொண்டையைக் கனைத்தாள். "சளி பிடிச்சா மெடிக்கல்ல போய் ரெண்டு வேளைக்குக் குடுங்கன்னு கேட்டு வாங்கிப் போடுவாரு டாக்டர். ரெண்டாவது வேளைய வீட்டு ஷெல்ஃப்ல வெச்சுக்குவாரு, அடுத்த சளிக்கு."

"என்ன மாத்திரை?"

"செவப்பும் மஞ்சளுமா ஒண்ணு. அப்புறம் வெள்ளையில நீட்டமா ஒண்ணு" என்றேன். உலக இலக்கியம் படித்தவன் என்று ஊரில் பேர். இத்தனை வருஷம் விழுங்கியவற்றில் நிறம் மட்டும்தான் தெரிந்திருந்தது.

மருத்துவர் கோபப்படவில்லை. "கிருமியைக் கொல்லாம, லேசா தட்டித் தட்டி விட்டுட்டே வந்திருக்கீங்க. எல்லாரும் செய்றதுதான். அதான் பிரச்சனையே" என்றார்.

அன்றே காயத்தைத் திறந்து கழுவினார்கள். ஆரம்பத்திலேயே பிடித்ததால் தகட்டை வைத்துக்கொண்டே முயலலாம் என்றார்கள். நடைக்கூடத்தின் கோடியில் தனி அறைக்கு மாற்றினார்கள். கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சதுரம். வெளியே ஒரு அறிவிப்பு: உள்ளே வருகிறவர்கள் கவுன், கையுறை அணிய வேண்டும், வெளியே வந்ததும் கையைக் கழுவ வேண்டும். வான்கோமைசின் என்ற மருந்து நரம்பு வழியாக மணிக்கணக்கில் சொட்டியது. வேகமாக ஏற்றினால் உடம்பு சிவந்து அரிக்குமாம். சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்க்க அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். அவசரப்படுத்த முடியாத மருந்து. என் கட்டுரைகளைப் பற்றியும் பதிப்பாளர் இதையேதான் சொல்லியிருந்தார்.

தம்பி வந்தான். கதவருகிலேயே நின்று பிவிசி பைப் விலை ஏறியதைச் சொன்னான். மேசைமேல் இருந்த பில்லை எடுத்து, பார்க்காமலே மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "நீ இத படிக்காத அண்ணே. அப்புறம் ஜோக்கு வராது" என்றான்.

சுமதி மஞ்சள் கவுனில், தன் கையைவிடப் பெரிய கையுறையில் வருவாள். ரப்பர் சில்லென்று இருக்குமே என்று இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிவிட்டு, அதன் பிறகுதான் என் நெற்றியில் வைப்பாள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. ஒவ்வொரு முறையும் அந்தத் தேய்க்கும் சத்தம் கேட்டதும் நான் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவேன். "அழுவாதீங்க, கையுறையோட மூக்கு சிந்திவிட முடியாது" என்பாள்.

ஆனால் என் தகட்டைப் பற்றிய பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று என்னைத் தின்றுகொண்டிருந்தது. சூசை அண்ணனின் புது இடுப்பு. தையல்கூடப் பிரிக்கவில்லை. கிருமி அதற்குள் போனால், மறுபடி அறுத்து, மொத்தத்தையும் கழற்றி, மாதக்கணக்கில் படுக்கப்போட வேண்டும். அந்த வயதில் மறுபடி எழுந்து நடப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த விரலும், போர்வையும், நெத்திலியும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. அவரைத் தனியாக வைத்து மூக்கிலும் காயத்திலும் பரிசோதனைக்கு எடுத்திருப்பதாக நர்ஸ் சொன்னார். முந்தைய சாயங்காலம் அவருக்கும் உடம்பு சுட்டதாம். கோபமாகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். இருக்க வேண்டியதுதான்.

சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டைத் தூக்கியதை, தொட்டதை, ஊட்டியதை. அவள் கையுறையின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒருநாளும் ஊட்டினதில்ல" என்றாள் கடைசியில். பிறகு, "டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அவங்களுக்குத் தெரியணும்."

சொன்னேன். ஐம்பது வயதைத் தாண்டியவன், பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் திருடியவனைப்போலச் சொன்னேன். மருத்துவர் கேட்டுக்கொண்டார்.

"அவர் மூக்கு ரிசல்ட் வந்துடுச்சு. அதே கிருமி இருக்கு. காயத்தோட ரிசல்ட் இன்னும் வரல."

"அப்ப நான்தான்…"

"அப்படிச் சொல்ல முடியாது சார். நீங்க அவருக்குக் குடுத்திருக்கலாம். அவர் மூக்குல பல வருஷமா இருந்து, அவர் உங்களுக்குக் குடுத்திருக்கலாம். ரிமோட் குடுத்திருக்கலாம். எங்க ஆளுங்க கையே குடுத்திருக்கலாம். யாருன்னு கண்டுபிடிக்க முடியாது. மூக்குல இருந்தா களிம்பு இருக்கு, மருந்து சோப்புல குளிக்க வெச்சா சரியாயிடும். காயத்துல இருந்தாத்தான் கஷ்டம்."

அவர் போனதும் எனக்குள் எழுந்த முதல் எண்ணத்தை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் எழுதுகிறேன். 'அப்படியானால், ஒருவேளை, அந்த ஆள்தான் எனக்குக் கொடுத்தானோ?' அரை நிமிஷம் அது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. பிறகு, ஒரு கையால் மூக்கைச் சொறிந்தபடி மறு கையால் என் கையைப் பிடித்திருந்த அவர் முகம் நினைவுக்கு வந்தது. ஆறுதல் போய்விட்டது.

மறுநாள் ஸ்டெல்லாக்கா வந்தார். கவுனைப் பின்பக்கம் முடிச்சுப் போடாமல் முன்பக்கம் போட்டு, கோட்டுபோல மாட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னா பண்ணி வெச்சிகிறீங்க ரெண்டு பேரும்? அந்தாளு சோறு துன்ன மாட்டேன்றாரு. மீனு வெச்சா மூஞ்சிய திருப்பிக்கிறாரு."

"எம்மேல கோபமாக்கா?"

"கோவமா? உம்மேல இன்னாத்துக்குக் கோவம்? மூக்குல கீதுன்னு டாக்டரம்மா சொன்னதுலேர்ந்து ஒரே பேஜாரு. 'நான் மூக்க நோண்டிகினே அந்த மனுசன் கையப் புடிச்சேன், நான்தான் அவரு கால கெடுத்துட்டேன்'னு ஜெபமாலய உருட்டிகினு உக்காந்துகினுகீறாரு. உன் போனப் பாத்தா அழுவுறாரு. எடுக்க மாட்டேன்றாரு."

கட்டைத் தூக்கிய கதையை அவருக்கும் சொன்னேன்.

"அக்கா, நான்தான்னு போய் அண்ணன்கிட்ட சொல்லுங்க. புண்ணத் தொட்ட கையால அவருக்கு ஊட்டினது நான்."

ஸ்டெல்லாக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏலத்தில் ஐஸ் உருகிப்போன மீனைப் பார்ப்பதுபோல. "கலீஜ்" என்றார். ஆனால் போய்ச் சொல்லியிருக்கிறார். அன்று மதியம் கேரியர் காலியாகத் திரும்பியது என்று நர்ஸ் வந்து சொன்னார்.

காயத்தின் முடிவுக்காக மேலும் காத்திருந்தோம். அண்ணனுக்கு ஜுரம் இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. ஒவ்வொரு முறை நர்ஸ் வரும்போதும் என் ரத்த அழுத்தத்தைச் சொல்வதற்கு முன் அவருடைய ஜுரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குச் சொட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது நான் கண்ணாடிச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் நடைக்கூடத்துச் சுவரும், சுவரில் ஒரு புன்னகைக்கும் குழந்தையின் காலண்டரும்தான் தெரியும்.

ஒரு காலையில் அந்தக் குழந்தையை ஒரு தலை மறைத்தது.

சூசை அண்ணன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் பிசியோதெரபிப் பெண், மறு பக்கம் ஸ்டெல்லாக்கா. அவர் நின்றுகொண்டிருந்தார். தன் சொந்த, புதிய, கழற்றப்படாத இடுப்பில் நின்றுகொண்டிருந்தார்.

கண்ணாடி தடிமனானது. பேச்சு கேட்காது. அவர் வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிசியோதெரபிப் பெண் பதறுவது தெரிந்தது. முதலில் தன் இடுப்பைக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினார். கவலையை நிறுத்து, காயத்தில் ஒன்றும் இல்லை. பிறகு ஆள்காட்டி விரலை என் பக்கம் காட்டி, அதை மேலே நீட்டி, மெதுவாக, மிக மெதுவாகச் சுழற்றினார். எத்தனையோ கப்பல்களின் வயிற்றிலிருந்து டன் டன்னாக வெளியே கொண்டுவந்த விரல். நான் எழுந்து உட்கார்ந்தேன். வேறு வழி இல்லை.

பிறகு இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் கோத்துக்கொண்டார். வணக்கம் வைக்கிறார் என்று நினைத்து நானும் கும்பிட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி கோத்துக் காட்டினார். விரல்களுக்குள் விரல்களை விட்டு, இறுக்கமாக. நானும் அப்படியே கோத்தேன். திருப்தியாகத் தலையசைத்துவிட்டு வாக்கரைப் பிடித்து, ஒரு பாய்மரக் கப்பல் திரும்புகிற நிதானத்தோடு திரும்பிப் போனார்.

போனில் கேட்டேன். இந்த முறை எடுத்தார்.

"அது வணக்கம் இல்ல மாமு. சரக்கு நடுவானத்துல தொங்கிகினுகீது, காத்து அடிக்குதுன்னு வெய்யி. அப்போ அப்டி காட்டுவோம். எல்லாத்தையும் அப்டியே புடிச்சி வெய்யி, எவனும் எதையும் தொடாதன்னு அர்த்தம். அப்பால, நம்ம ரெண்டு பேருக்கும் கை கொடுக்க வேற வழியும் இல்லியே."

என் தகடும் தப்பியது. மருந்து மாத்திரையாக மாறி, வெகுகாலம் தொடர்ந்து, ஒரு வழியாக ரத்தப் பரிசோதனைகள் நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்தன. இம்முறை ஒரு வேளையைக்கூட ஷெல்ஃபில் சேமிக்கவில்லை. சுமதி என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பின்னட்டையில் பதிப்பாளர் ஆதார் படத்தையே போட்டுவிட்டார்.

இப்போது நான் ஒரு கைத்தடியோடு நடக்கிறேன். போன மாதம் காசிமேட்டில் சூசை அண்ணன் வீட்டில் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். அவர் மாடிப்படி இறங்கி வந்தார், தானாகவே. இருவரும் கை பிடித்தோம், வழக்கம்போல விடவில்லை. "என்னாலதான் மாமு" என்று அவர் ஆரம்பித்தார். "இல்லண்ணே, என்னாலதான்" என்று நான். அவர் கண் கலங்க, நான் கண் கலங்க, சுமதியே மூக்கை உறிஞ்சினாள். இப்படியே நாங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

ஸ்டெல்லாக்கா ஒரு பக்கெட்டும் சோப்பும் கொண்டுவந்து எங்கள் நடுவே வைத்தார்.

"ரெண்டு பேரும் அப்பவே ஒழுங்கா கைய கழுவியிருந்தா இத்தினி பாசமே தேவப்பட்டிருக்காது. கழுவிட்டு வாங்க, மீனு ஆறுது."